வீடு வாங்கும் முன்: மாற்ற முடியாததை முதலில் பாருங்கள்

புறநகரில் குடும்பத்துக்கென்று ஒரு வீடு வாங்கப் போகிறோம், என்ன பார்க்க வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடச் சொல்வேன். இடது பக்கம், பணம் செலவழித்தால் மாற்றக்கூடியவை. வலது பக்கம், எவ்வளவு செலவழித்தாலும் மாற்ற முடியாதவை. வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததும் மனதில் நிற்பவற்றை எல்லாம் எந்தப் பக்கம் சேரும் என்று யோசித்து எழுத வேண்டும். அவ்வளவுதான்.

முதல் பார்வையில் நமக்குப் பிடித்துப்போனவை பெரும்பாலும் இடது பக்கத்தில்தான் போய்ச் சேரும். புதுச் சமையலறை, பளபளக்கும் தரை, குளியலறைக் குழாய்கள், சுவரின் நிறம், படுக்கையறை அலமாரி. வலது பக்கத்தில் ஓரிரண்டு வரிகளே இருக்கும், ஏனென்றால் அங்கே எழுத வேண்டியவற்றை நாம் பார்க்கவே இல்லை. மனை தெருவைவிடத் தாழ்வா மேடா, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, வெயில் எந்த அறையில் எப்போது விழுகிறது, வேலைக்கும் பள்ளிக்கும் போய்வர உண்மையில் எவ்வளவு நேரம் பிடிக்கும், பின்னால் கிடக்கும் காலிமனையில் நாளைக்கு என்ன எழும்பும். விற்பவருக்கும் இது தெரியும். விற்பதற்கு முன் அவர் செலவழிக்கும் பணம் இடது பக்கத்துக்கே போகிறது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, யார் விற்றாலும் அப்படித்தான் செய்வார்கள். வாங்குகிறவர்தான் வலது பக்கத்தைத் தானாகத் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும்.

நானும் மனைவியும் வீடு தேடிய காலத்திலும், பிறகு உறவினர்களுக்காகவும் நண்பர்களுக்காகவும் கூடப் போனபோதும் எனக்கு உறுதிப்பட்டது இதுதான். வீட்டின் மதிப்பில் பெரும்பகுதி சுவருக்குள் இல்லை, வெளியேதான் இருக்கிறது. இது என் அனுபவம் மட்டும் அல்ல. கேத்தரினா நோல், மோரிட்ஸ் ஷூலாரிக், தாமஸ் ஸ்டேகர் என்ற மூன்று பொருளியலாளர்கள் 14 வளர்ந்த நாடுகளில் 1870 முதல் 2012 வரையிலான வீட்டு விலைகளைத் திரட்டி 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டு விலைகள் ஏறியதில் ஏறக்குறைய 80 சதவீதத்துக்குக் காரணம் நிலத்தின் விலை ஏறியதுதான் என்று அதில் கண்டார்கள். கட்டடம் அப்படி ஏறாது. கட்டி முடித்த நாளிலிருந்தே அது தேய ஆரம்பிக்கிறது. கூரை, குழாய், மின்கம்பி, கதவு, ஜன்னல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆயுள் உண்டு. ஒரே விலைக்கு இரண்டு வீடுகள் வந்தால், ஒன்று சுமாரான இடத்தில் புத்தம் புதியது, மற்றொன்று நல்ல இடத்தில் பழையது என்றால், இரண்டாவதை எடுங்கள் என்பேன். பழைய வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்துகொள்ளலாம். இடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் வைக்க முடியாது.

அதற்காக, நிலம் என்றால் விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்பி அகலக்கால் வைப்பதும் சரியில்லை. ஆம்ஸ்டர்டாம் நகரில் ஹேரன்ஹ்ராஹ்ட் என்ற கால்வாய்க் கரை வீடுகளின் விலையை 1628 முதல் 1973 வரை பீட் ஐக்ஹோல்ட்ஸ் என்பவர் தொகுத்திருக்கிறார். பணவீக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அவ்வளவு பெயர்பெற்ற தெருவிலும் ஏறத்தாழ 350 ஆண்டுகளில் விலை இரண்டு மடங்குதான் ஆகியிருக்கிறது. நடுவில் பல பத்தாண்டுகள் ஏறின, பல பத்தாண்டுகள் இறங்கின. உங்கள் பத்தாண்டு எதுவாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. "ஐந்து வருஷத்துல டபுள் ஆயிடும் சார்" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பேச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குடும்பம் வாழ ஏற்ற இடமா என்பதில்தான் முதல் கணக்கு தொடங்க வேண்டும்.

தண்ணீரில் இருந்து ஆரம்பிக்கிறேன். எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம் அதுதான்.

பல நாடுகளில் வெள்ள அபாய வரைபடங்கள் உண்டு. அவற்றில் "நூறு ஆண்டுக்கு ஒரு முறை வரும் வெள்ளம்" என்று குறித்திருப்பார்கள். படிக்கிறவர் மனதில், நம் ஆயுளில் வராது என்ற நிம்மதி வந்துவிடும். அதன் உண்மைப் பொருள், ஒவ்வோர் ஆண்டும் அந்த அளவு வெள்ளம் வர 1 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பதே. போன ஆண்டு வந்தது, அதனால் இந்த ஆண்டு வராது என்பதெல்லாம் கிடையாது. 30 ஆண்டுக் கடனில் வீடு வாங்கினால், அந்தக் கடனை அடைத்து முடிப்பதற்குள் குறைந்தது ஒரு முறையாவது அந்த வெள்ளம் வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம். நான்கில் ஒன்றுக்கும் மேல். இவ்வளவு பெரிய அபாயத்தை வேறு எந்த விஷயத்திலும் நாம் இவ்வளவு சாதாரணமாக ஏற்றுக்கொள்ள மாட்டோம்.

வரைபடம் இல்லாத ஊரிலும் சுவர்கள் பேசும். சுற்றுச்சுவரின் அடிப்பக்கத்தில் ஒரே மட்டத்தில் ஓடும் கறைக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வீட்டில் அதை அழித்திருப்பார்கள், எதிர் வீட்டுச் சுவரிலோ மின்கம்பத்திலோ மிச்சம் இருக்கும். மற்ற சுவர்கள் எல்லாம் மங்கியிருக்க, தரையிலிருந்து இடுப்பளவு வரை மட்டும் புதுப் பூச்சு தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள். அந்தத் தெருவில் எத்தனை வீடுகளில் வாசற்படிக்கு முன் தடுப்புச்சுவர் எழுப்பியிருக்கிறார்கள், மின்மீட்டர்களை எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். செலவழித்துத் தடுப்புக் கட்டியிருக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பத் தார் போடும் ஊராக இருந்தால், வீட்டின் தரைமட்டத்துக்கும் சாலை மட்டத்துக்கும் உள்ள இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு குறையும். இன்று இரண்டு படி ஏறி நுழையும் வீட்டில் நாளைக்கு ஒரு படிதான் இருக்கும்.

ஒரு தெருவில் எங்கள் மனதுக்குப் பிடித்த வீடு ஒன்று கிடைத்தது. வெளியே வந்து நின்றுகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கேட்டின் அருகே நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் தெரு எப்படிம்மா இருக்கும்?" என்று என் மனைவி கேட்டாள். "நல்ல தெருதாம்மா. மழை நின்ன மறுநாள் ஒரு தடவை வந்து பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றார். யாரையும் குறை சொல்லவில்லை, விற்பவருக்கு விரோதமாகவும் பேசவில்லை. மழை நின்ற மறுநாள் போனோம். தெருவின் மறுமுனையில் தண்ணீர் வடிந்திருந்தது, அந்த வீட்டு வாசலில் மட்டும் தேங்கி நின்றது. அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

புறநகருக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. அது வளர்ந்துகொண்டே இருக்கும் பகுதி. வெறும் மண்ணாகக் கிடந்த இடம் தண்ணீரை உறிஞ்சும். அதே இடத்தில் கூரையும் கான்கிரீட்டும் தாரும் வந்துவிட்டால் பெய்த மழையில் பெரும்பகுதி உடனே ஓட ஆரம்பிக்கும், பள்ளத்தைத் தேடி வரும். இருபது ஆண்டுகளாக இங்கே தண்ணீர் நின்றதே இல்லை என்று ஒருவர் சத்தியம் செய்து சொன்னாலும், மேட்டுப்பக்கம் புதுக் குடியிருப்புகள் முளைத்துக்கொண்டிருந்தால் அந்தச் சான்று நாளைக்குச் செல்லாது. அந்தப் பகுதியின் பழைய வரைபடத்தையும் பழைய செயற்கைக்கோள் படங்களையும் தேடிப் பாருங்கள். வீடு நிற்கும் இடத்தில் முன்பு குளமோ ஓடையோ சதுப்போ இருந்ததென்றால் எனக்கு அந்த வீடு வேண்டாம். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். மழையில் இப்படி என்றால் கோடையில் எப்படி என்பதும் கேட்க வேண்டியதுதான். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, வறட்சியான மாதங்களில் யார் என்ன செய்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீடுகளில் தனித்தனியாகக் கேளுங்கள்.

அடுத்தது நேரம். தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்டால் எல்லா வீடும் "பக்கம்தான்". வேலை நாளில், நீங்கள் கிளம்ப வேண்டிய அதே நேரத்தில், அந்த வீட்டு வாசலில் இருந்து அலுவலக வாசல் வரை போய்ப் பாருங்கள். மாலையில் திரும்பியும் வாருங்கள். கணவன் மனைவி இருவருக்கும் வேலை இருந்தால் இருவரும் தனித்தனியே போய்ப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு வசதியாகவும் மற்றவருக்கு வாழ்நாள் தண்டனையாகவும் அமைந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சுமை பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது, ஏனென்றால் பள்ளியில் இருந்து பிள்ளையைக் கூட்டிவரும் வேலையும் அவர்களிடமே வந்து சேர்கிறது. இப்போது இருக்கும் வீட்டைவிட ஒரு நாளைக்குக் கூடுதலாக 40 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 220 வேலை நாள் என்றால் ஏறக்குறைய 147 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்குப் போட்டால் 18 நாளுக்கு மேல். புறநகரில் வீடு மலிவு என்று நாம் மிச்சம் பிடிக்கும் பணத்தின் ஒரு பகுதியை ஒவ்வோர் ஆண்டும் இப்படிச் சாலையில் திருப்பிக் கொடுக்கிறோம்.

மனிதர்கள் இந்த இழப்பைச் சரியாக எடைபோடுவதில்லை என்றும் ஆய்வு இருக்கிறது. அலோயிஸ் ஸ்டட்சர், புரூனோ ஃபிரே இருவரும் ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானோரிடம் ஆண்டுதோறும் எடுத்த கணக்கெடுப்பை ஆராய்ந்தார்கள். பயண நேரம் கூடுதலாக உள்ளவர்கள் அதற்கு ஈடாக நல்ல வீடோ நல்ல சம்பளமோ பெற்று, மற்றவர்கள் அளவுக்கு நிறைவோடு இருக்க வேண்டும் என்பதுதான் பொருளியல் எதிர்பார்ப்பு. ஆனால் அவர்கள் வாழ்க்கையில் திருப்தி குறைவாகவே இருந்தது. இதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. கூடுதலாகக் கிடைத்த அறைக்குச் சில மாதங்களில் பழகிவிடுகிறோம், நெரிசலுக்கு அப்படிப் பழகுவதில்லை. கூடுதல் அறையா, அரை மணி நேரமா என்று வந்தால் நான் அரை மணி நேரத்தைத்தான் எடுப்பேன்.

சரி, அக்கம்பக்கம். ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பப் போவதால் பயனில்லை. தரகர் நம்மைக் கூட்டிப்போவது பெரும்பாலும் அமைதியான, வெளிச்சமான நேரத்தில்தான். காலை பள்ளி வண்டிகள் வரும் நேரத்தில், இரவு பத்து மணிக்கு மேல், விடுமுறை நாள் மாலையில் என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். காரில் சுற்றிவருவது போதாது, நடக்க வேண்டும். என் அம்மாவுக்கு முழங்கால் வலி. அவரைக் கூட்டிப்போய்த் தெருமுனை வரை நடக்கவைத்த பிறகுதான் எனக்குச் சில விஷயங்கள் தெரிந்தன. நடைபாதை பாதியில் முடிந்துவிடுகிறது, சாலையைக் கடக்கும் இடத்தில் வண்டிகள் வேகம் குறைப்பதே இல்லை, உட்கார்ந்து இளைப்பாற ஒரு திண்டுகூட இல்லை. பெரியவர் ஒருவர் தயங்காமல் நடக்கிற தெருவில் குழந்தையும் பயமில்லாமல் நடக்கும். குடும்ப வீட்டுக்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

படுக்கையறை ஜன்னலைத் திறந்துவைத்து, யாரும் பேசாமல் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். ஒலி விஷயத்தில் எண்கள் ஏமாற்றும். டெசிபல் அளவில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது, நம் காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். உலகச் சுகாதார நிறுவனம் ஐரோப்பியப் பகுதிக்காக 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சாலைப் போக்குவரத்து இரைச்சல் நாள் முழுவதுக்குமான அளவில் 53 டெசிபலுக்குக் கீழும், இரவில் 45-க்குக் கீழும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. கைப்பேசிச் செயலி காட்டும் அளவு துல்லியமானது இல்லை, ஆனால் இரண்டு வீடுகளை ஒப்பிட அது போதும். நெடுஞ்சாலை, ரயில்பாதை, விமானம் இறங்கும் வழி இவற்றில் ஏதாவது அருகில் இருந்தால் இரவில் கட்டாயம் போங்கள். பகலில் மற்றச் சத்தங்களோடு கலந்துவிடுவது இரவில் தனியாக வந்து எழுப்பும்.

அக்கம்பக்கத்தாரிடம் பேசும்போது ஒன்று சொல்லியாக வேண்டும். "அங்கே எந்த மாதிரி ஆட்கள் இருக்காங்க?" என்று விசாரிக்கிறவர்கள் உண்டு. எந்த ஊராக இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது என்ன என்று நமக்குத் தெரியும். அது நியாயமும் இல்லை, அதனால் வீட்டைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளவும் முடியாது. பயன்படும் கேள்விகள் வேறு. இந்தத் தெருவில் எத்தனை ஆண்டாக இருக்கிறீர்கள்? தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வீர்கள், எத்தனை நாளில் சரி செய்வார்கள்? குப்பை எப்போது எடுக்கிறார்கள்? உங்கள் பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள்? கடைசியாக ஒரு கேள்வி: இங்கே ஒரே ஒரு விஷயத்தை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்? இந்தக் கேள்விக்கு மூன்று வீட்டிலும் ஒரே பதில் வந்தால் அதுதான் அந்த ஊரின் உண்மையான குறை. வலது பக்கத்தில் முதல் வரியாக எழுதுங்கள்.

பள்ளிக்கூடம் விலையில் எவ்வளவு ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. சாண்ட்ரா பிளாக் என்ற பொருளியலாளர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள புறநகர்களில் பள்ளி எல்லைக் கோட்டுக்கு இரு பக்கமும் இருந்த வீடுகளை ஒப்பிட்டார். தெருவும் சூழலும் ஏறக்குறைய ஒன்று, பிள்ளை சேரும் பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலாக உள்ள பள்ளியின் பக்கம் இருந்த வீட்டுக்குப் பெற்றோர் 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். உங்கள் நாட்டில் முகவரியை வைத்துப் பள்ளியில் இடம் கொடுக்கும் முறை இருந்தால், எல்லைக் கோடு எங்கே ஓடுகிறது என்பதை விற்பவர் வாயால் கேட்காமல் கல்வி அலுவலகத்திலேயே கேளுங்கள். அந்தக் கோடுகள் மாறக்கூடியவை என்பதும் நினைவில் இருக்கட்டும். பிள்ளைகள் பள்ளி முடித்துவிட்ட குடும்பமாக இருந்தால், பயன்படாத ஒன்றுக்கு விலை கொடுக்க வேண்டுமா என்றும் யோசிக்கலாம்.

காலிமனைக்கு வருவோம். ஜன்னலுக்கு வெளியே தெரியும் பசுமை உங்களுடையது இல்லை என்றால் அதற்கு விலை கொடுக்காதீர்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் அந்தப் பகுதிக்கான நில உபயோகத் திட்டத்தைப் பார்த்தால், அங்கே குடியிருப்பா, வணிகமா, தொழிற்சாலையா, எத்தனை மாடி வரை அனுமதி, சாலை அகலப்படுத்தும் உத்தேசம் உண்டா என்பதெல்லாம் தெரிந்துவிடும். புது ரயில் நிலையமோ சாலையோ வரப்போகிறது என்ற பேச்சுக்கும் இதே விதிதான். வேலை தொடங்கியிருந்தால் கணக்கில் எடுங்கள். அறிவிப்பு மட்டும் என்றால் வந்தால் லாபம் என்று வைத்துக்கொண்டு, அதற்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காமல் இருங்கள்.

கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலைக்கு நம்மைவிட ஒரு கட்டடப் பொறியாளர் நூறு மடங்கு மேல். விற்பவரோ தரகரோ சொன்னவராக இல்லாமல், நீங்களே கட்டணம் கொடுத்து அழைத்துப்போகும் ஒருவராக இருக்க வேண்டும். அவர் வருவதற்கு முன் நாமே கவனிக்க வேண்டியவை சில உண்டு. பூச்சில் மயிரிழை போல் ஓடும் விரிசல் பெரும்பாலும் பயப்படத் தக்கதல்ல. விரிசல் 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, செங்கல் வரிசையில் படிக்கட்டு போல ஏறிப்போனாலோ, கதவு ஜன்னல் சட்டங்கள் சாய்ந்து சரியாகச் சாத்தாமல் இருந்தாலோ அஸ்திவாரம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுவரின் அடிப்பக்கம் ஒரு மீட்டர் உயரத்துக்குள் வெள்ளையாக உப்புப் பூத்து, பெயிண்ட் உரிந்திருந்தால் ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது. மேல்பக்கம் என்றால் கூரையிலோ குழாயிலோ கசிவு. அலமாரிகளுக்குப் பின்னாலும் படிக்கட்டுக்குக் கீழும் மூக்கை நம்புங்கள். பூஞ்சை வாசனையைப் புதுப் பெயிண்ட் ரொம்ப நாள் மறைக்காது. மின்இணைப்பின் வயதைக் கேளுங்கள்.

பத்திரம், வில்லங்கம், அடமானம், கட்ட அனுமதி, பாக்கி வரி. இவை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி. எங்கே இருந்தாலும் உங்களுக்காக மட்டும் வேலை செய்யும் ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அனுமதி வாங்காமல் பின்னால் சேர்த்துக் கட்டிய அறையும் மாடியும் புறநகர் வீடுகளில் அதிகம், அந்தப் பரப்புக்கும் சேர்த்து விலை கேட்பார்கள். அதைத் தனியாகக் கழித்துப் பாருங்கள்.

இப்போது விலை. கேட்கும் விலை காதில் விழுவதற்கு முன்பே உங்கள் கணக்கை முடித்துவிடுவது நல்லது. அது எப்போதும் முடியாதுதான், இருந்தாலும் முயலுங்கள். கிரெகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் இருவரும் 1987-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் டூசான் நகரில் ஒரு நிஜ வீட்டைத் தரகர்களுக்கும் மாணவர்களுக்கும் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். எல்லோருக்கும் வீட்டைப் பற்றிய தகவல் ஒன்றுதான், அதில் எழுதியிருந்த கேட்கும் விலை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. முறையான மதிப்பீட்டைவிடச் சிலருக்கு 12 சதவீதம் வரை கூடுதலாக, சிலருக்கு அதே அளவு குறைவாக. கூடுதல் விலையைப் பார்த்தவர்கள் கூடுதலாகவும் குறைந்த விலையைப் பார்த்தவர்கள் குறைவாகவும் மதிப்பிட்டார்கள். அனுபவமுள்ள தரகர்களும் இதற்கு விலக்கில்லை. ஆனால் கேட்கும் விலையைக் கணக்கில் எடுத்ததாக அவர்களில் மிகச் சிலரே சொன்னார்கள். தொழிலே அதுவாக இருப்பவர்களுக்கே இப்படி என்றால், ஆசையோடு போய் நிற்கும் நமக்கு?

ஆகவே அதே பகுதியில், அதே அளவில், கடந்த ஆறு மாதத்தில் உண்மையில் கைமாறிய வீடுகளின் விலையைத் திரட்டுங்கள். விளம்பரத்தில் இருப்பது ஆசை, பதிவானதுதான் விலை. பதிவிலும் உண்மைத் தொகையைக் குறைத்துக் காட்டும் வழக்கம் உள்ள இடங்களில் அண்மையில் வாங்கியவர்களிடமே போய்க் கேட்க வேண்டும், பெரும்பாலோர் சொல்லிவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொன்றோடும் உங்கள் வீட்டை ஒப்பிட்டுக் கூட்டிக் கழியுங்கள். அதற்கு மனை பெரிது, இதற்கு ரயில் நிலையம் பக்கம், அது மூலை வீடு, இதன் கூரையை மாற்ற வேண்டும் என்று.

இன்னொரு கணக்கும் உதவும். அதே போன்ற வீட்டுக்கு அங்கே ஆண்டு வாடகை எவ்வளவு என்று விசாரித்து, விலையை அதால் வகுங்கள். 20 வந்தால் வாடகை விலையில் 5 சதவீதம், 40 வந்தால் இரண்டரை சதவீதம். பக்கத்துப் பகுதிகளைவிட இந்த எண் மிகக் கூடுதலாக இருந்தால், அங்கே வாழ்வதற்கு மக்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் பணத்தைவிட எதிர்கால நம்பிக்கைக்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட இடத்தில் கொஞ்ச காலம் வாடகைக்கு இருந்து பார்ப்பது எவ்வளவோ மேல். வாடகைக்கு இருப்பதைத் தோல்வி போல நினைக்க வேண்டியதில்லை. ஒரு மழைக்காலத்தையும் ஒரு பள்ளி ஆண்டையும் அங்கே கழித்தால் தெரிகிறதைப் போல வேறு எந்த விசாரணையிலும் தெரியாது.

கடனையும் மொத்தமாகப் பாருங்கள். 8 சதவீத வட்டியில் 100 ரூபாய் கடனுக்கு 20 ஆண்டுத் தவணை என்றால் கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 200 ரூபாய் போயிருக்கும். 30 ஆண்டு என்றால் 264. தவணை சிறியதாகத் தெரிவதற்காக ஆண்டுகளை நீட்டும்போது நாம் வாங்குவது வீட்டை மட்டும் அல்ல, இன்னும் அறுபது சொச்சம் ரூபாய் வட்டியையும் சேர்த்துத்தான்.

தரகரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களில் நேர்மையான, விவரமான பலரை நான் அறிவேன். ஆனால் அவர்களுடைய ஊதியம் பேரம் முடிந்தால்தான் வரும், சீக்கிரம் முடிந்தால் அவர்களுக்கு நல்லது. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் இருவரும் சிகாகோவின் புறநகர்களில் நடந்த ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, வாடிக்கையாளர் வீட்டைவிடச் சுமார் பத்து நாள் கூடுதலாகக் காத்திருந்து 3.7 சதவீதம் கூடுதல் விலைக்கு விற்றிருந்தார்கள். தனக்கென்று வரும்போது பொறுமையாக இருக்கிறார்கள். "இன்னைக்கே சொல்லுங்க, இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்ற அவசரம் வரும்போது இந்த ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும், மழைநாளில் பார்க்காத வீட்டை மழைநாளில் பார்க்காத வீடாகவே விட்டுவிடுவது நல்லது.

பேரத்துக்கு உட்காரும் முன், அதிகபட்சம் இவ்வளவுதான் என்ற ஒரு தொகையைக் குடும்பமாக உட்கார்ந்து தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பத்திரச் செலவு, பதிவுக் கட்டணம், பொறியாளர் சொன்ன பழுதுவேலைகள், குடிபோன பின் ஆறு மாதத்துக்கான தவணைப் பணம் எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்கியிருக்க வேண்டும். பலர் போட்டியிடும் வீட்டில் வெல்கிறவர், அதை மற்ற எல்லோரையும்விட உயர்வாக மதிப்பிட்டவர் என்பதால், கூடுதலாகக் கொடுத்துவிட்ட ஆளாக அவரே இருக்க வாய்ப்பு அதிகம். எழுதிய தொகையைத் தாண்டிப் பேரம் போனால் எழுந்துவிடுங்கள். மறுநாள் காலையில், வலது பக்கத்தில் அந்த வீட்டைவிட நல்ல வரிகள் உள்ள வேறு வீடு எது என்று உங்கள் தாள்களைப் புரட்டிப் பார்த்து, அதன் உரிமையாளரை அழைத்துப் பேசுங்கள்.